ஒரு சாண் தள்ளி

ஆபரேஷனுக்கு இன்னும் பத்தொன்பது மணி நேரமும் இருபது நிமிடமும் இருந்தது. தலைவலி தொடங்கி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. இரண்டையும் பட்டாசின் அம்மா நோட்டில் எழுதி அடியில் கோடு போட்டாள்.

அது ஒன்பதாவது நோட்டு. மகள் நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது முதல் நோட்டை வாங்கினாள். தேதி, எழுந்த நேரம், வாந்தி உண்டா, தலைவலி உட்கார்ந்தால் கூடுகிறதா படுத்தால் கூடுகிறதா, பள்ளிக்கூடம் போனாளா, சிரித்தாளா. கடைசிக் கட்டத்தை எந்த டாக்டரும் கேட்டதில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

மகளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது அவள் வகுப்பு. பதினான்கு வயது. ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. எல்லோர் மூளையிலும் சுரக்கிற நீர்தான் அவளுக்கும் சுரந்தது. அது வடிகிற வழி மட்டும் பிறப்பிலேயே அடைத்திருந்தது. அதனால் வலது காதுக்குப் பின்னால், தோலுக்கு அடியில் ஒரு வால்வு. அதிலிருந்து கழுத்து வழியாக வயிற்றுக்குள் இறங்கும் மெல்லிய குழாய். நான்கு மாதத்தில் முதல் குழாய் வைத்தார்கள். மூன்று வயதில் அது அடைத்துக்கொண்டது. ஏழு வயதில் சீழ் பிடித்தது. பதினாறு நாள் குழாயை வெளியே எடுத்துத் தொங்கவிட்டு, அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். கிடந்தாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், வளர்ந்த உடம்புக்கு நீளம் போதாமல் குழாய் கழுத்தில் அறுந்தது. அப்போது வைத்ததுதான் இந்தப் புது வால்வு. நாளைக்குத் திறந்தால் ஐந்தாவது தடவை.

இடது கை மட்டும் மெதுவாக வேலை செய்யும். விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்காது. மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்பது அம்மாவின் கட்சி.

"தெருக்குழாயை விட என் குழாய் தேவலை சிஸ்டர்," என்று படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள் பட்டாசு. "தினமும் தண்ணி வருது."

சிஸ்டர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றச் சொன்னாள். காதுவரை இறங்கும் கருநீலத் துணித்தொப்பி. வலது பக்கம் ஒரு மடல் வந்து வால்வின் மேட்டை மூடியிருந்தது. பட்டாசு கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள். சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டு நாளாக இதுதான் நடந்தது.

டாக்டர் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு பேசுகிறவர்களுக்கு இந்த அம்மா கையெழுத்துப் போடமாட்டாள் என்பது வார்டுக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"மறுபடி சொல்றேன்மா," என்றார். "இந்த வால்வுக்கு எட்டு நம்பர் இருக்கு. எவ்வளவு தண்ணி இறங்கணும்னு வெளியிலேருந்தே மாத்தலாம். உள்ளே ஒரு சின்னக் காந்தம் இருக்கு, தோலுக்கு மேல கருவியை வச்சுத் திருப்பினா நகரும். இவளுக்கு அஞ்சு. எட்டு நாளைக்கு முன்னாடி வந்தப்போ ஒண்ணுல இருந்துச்சு. ஒண்ணுன்னா திறந்துவிட்ட குழாய். அஞ்சுக்கு மாத்தி அனுப்பினேன். முந்தாநேத்து மறுபடி ஒண்ணு. மாத்தினேன். இன்னைக்குக் காலைல ரெண்டு. தானா நகருது. வால்வுதான் சரியில்லை."

தண்ணீர் அளவுக்கு மீறி இறங்குவதால் மூளை கொஞ்சம் சுருங்கி, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் கட்டியிருப்பதைப் படத்தில் காட்டினார். உட்கார்ந்தால் வலிப்பதும் படுத்தால் இறங்குவதும் இதனால்தான். இப்படியே விட்டால் அங்கே இரத்தம் கசியலாம். அவர் எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் அம்மாவுக்கு அவரிடம் சண்டை போடுவது கஷ்டமாக இருந்தது.

தெருமுனை கிளினிக்கில் சுலபமாக இருந்தது. நான்காவது நாள் போனபோது அங்கே இருந்தவர் பரீட்சைப் பயம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அம்மா எழுந்திருக்கவில்லை. நோட்டைத் திறந்து நான்கு நாளையும் வரி வரியாக அவரையே வாசிக்கவைத்தாள். வாசித்து முடித்தபிறகு அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். இங்கே முறை கிடைக்க மேலும் பதினோரு நாள் ஆயிற்று.

"அஞ்சு மாசத்துல ஒண்ணு கெட்டுப்போச்சு," என்றாள் இப்போது. "அடுத்தது கெடாதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"முடியாதும்மா."

"அப்ப காரணம் தெரியணும்."

"காரணம் தேடத்தான் நேத்துக் கேட்டேன். வீட்டில காந்தம், பெரிய ஸ்பீக்கர், அந்த மாதிரி இவ தலைக்குப் பக்கத்துல வர்ற சாமான் ஏதாவது உண்டான்னு. இல்லைன்னீங்க. என்ன தொழில்னு கேட்டேன். தையல்னீங்க."

"தையல்தான்," என்றாள் அம்மா.

"வார்டுலயும் ஒண்ணும் இல்லை. ஃபோனைக்கூடத் தலைமாட்டுல வைக்க விடலை. அப்படியும் நகர்ந்திருக்கு. வேற என்ன முடிவுக்கு நான் வரட்டும்?"

அம்மா கோபத்தோடு நோட்டை மூடினாள். ஆறு மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்றார் டாக்டர். ஆறு மணிக்குச் சொல்கிறேன் என்றாள் அம்மா.

"டாக்டர்," என்றாள் பட்டாசு. "முழுசா மொட்டை அடிக்கக் கூடாது. எங்க வெட்டணுமோ அங்க மட்டும்தான். கையெழுத்து அவங்களுது. முடி என்னுது."

டாக்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

பழைய ஸ்கேன் படங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவைக் கட்டிலருகே உட்காரவைத்துவிட்டு அம்மா பஸ் ஏறினாள். அப்பா அதிகம் பேசாதவர். கனத்த மெஷினில் இருபது வருஷம் ரெக்ஸின் தைத்ததில் காதும் கொஞ்சம் மந்தம். மகளோடு இருக்கும்போது மட்டும் அது அவருக்கு நிம்மதி என்று வீட்டில் கேலி உண்டு.

வானம் மூட்டமாக இருந்தது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. பஸ்ஸுக்குள் எல்லோர் முதுகும் நனைந்திருந்தது.

அவர்களுடையது மாடி வீடு. மேலே குடியிருப்பு, கீழே பட்டறை. கைப்பை தைக்கிற பட்டறை. அப்பாவின் அக்காதான் அதற்கு முதலாளி, கட்டிங்கும் அவளே. அதனால் வேலைக்கு வருகிற பெண்கள் அவளை மாஸ்டர் என்றார்கள். பிறகு எல்லோருக்கும் அவள் மாஸ்டர் ஆகிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், அளவெடுத்துப் பார்த்தேன், எதுவும் சரியாக வரவில்லை என்பாள்.

பட்டாசு அந்தக் கட்டிங் மேசைக்கு அடியில் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வெட்டுத்துணிக் குவியலில் சாய்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடம். எந்த மெஷினை யார் மிதிக்கிறார்கள் என்று சத்தத்தை வைத்தே சொல்லுவாள். ஐந்து மாதத்துக்கு முன்னால், கழுத்துக் காயத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அம்மா அதை நிறுத்தினாள். பசை வாடையும் தூசியும் ஆகாதாம், டாக்டர் சொன்னார் என்றாள். அன்றிலிருந்து பட்டாசு பட்டறைக் கதவைத் தாண்டக் கூடாது. அம்மா தன் லைனிங் மெஷினையும் மாடிக்கு ஏற்றிக்கொண்டாள். மேல் வீட்டுக் கத்தரி கீழே போகாது, கீழ்க் கத்தரி மேலே வராது. கீழே போய்வந்தால் புடவையை உதறி மடிப்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். தைத்த லைனிங்கைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள். யாராவது வந்து எடுத்துப்போவார்கள். தம்பி பொண்டாட்டிக்கு ராங்கி முற்றிவிட்டது என்று மாஸ்டர் சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

ராங்கிக்குப் பழைய காரணமும் இருந்தது. முதல் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் போட்ட நான்கு மாதத் தலையோடு குழந்தையைத் தூக்கிவந்த அன்று மாஸ்டர் இதே வாசலில் நின்று சொன்னாள்: "பிளேடும் மெஷினுமா இருக்கிற வீடு. இதுக்கெல்லாம் ஹோம் இருக்காம். விட்டாப் பத்திரமா பார்த்துப்பாங்க." அம்மா குழந்தையைக் கட்டிங் மேசையின் மேல், வெட்டிவைத்திருந்த துணிமேல், நட்டநடுவில் கிடத்திவிட்டு மாடிக்குப் போனாள். ஒரு மணி நேரம் இறங்கவில்லை. அன்றைக்கு வெட்டு வேலை நின்றுபோயிற்று. பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மாடியில் படங்களைத் தேடி எடுத்துப் பையில் போட்டு, மாற்றுத்துணி இரண்டு வைத்துக்கொண்டு அம்மா இறங்கினாள். பட்டறையில் அப்பா இல்லாததால் மாஸ்டரே கனத்த மெஷினில் உட்கார்ந்திருந்தாள். இருநூறு பை, நாலு நாளில் போகவேண்டும். ஒரு பெண் ரெக்ஸினின் பின்பக்கம் பசை தடவி வரிசையாக உலரவைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி மூடிகளில் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். ரெக்ஸினுக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஒரு வட்டக் காந்தத்தை வைத்துச் சுற்றித் தைத்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மூடி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். கள்ளப் பட்டன் என்று பட்டறையில் அதற்குப் பெயர். மேசையின் மூலையில் காந்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருளைபோல் நின்றன. அந்தப் பெண் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பிரித்தாள். பிரிந்தது திரும்பி ஓடிப்போய் ஒட்டியது. மறுபடி பிரித்தாள்.

அம்மா வாசல்படியிலேயே நின்றாள்.

"எப்படி இருக்கா?" என்றாள் மாஸ்டர், மெஷினை நிறுத்தாமல்.

"நாளைக்கு மாத்தணுங்கறாங்க. இன்னும் கையெழுத்துப் போடலை."

"போடாதே. நல்லாக் கேளு. ரெக்ஸின் கிழிஞ்சா நாங்க ஏன் கிழிஞ்சதுன்னு பார்க்காம மறுபடி தைக்கிறோமா?" மெஷின் நின்றது. மாஸ்டர் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் எதையோ பின்பக்கமாக வைத்திருந்தாள். அறுபதை நெருங்குகிறவள் அப்படி நிற்பது பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"திட்டக்கூடாது," என்றாள்.

பழுப்புநிறத் தொப்பி. காதுவரை இறங்குகிற அதே வெட்டு. வலது பக்கம் மடல். ஓரத் தையல் உள்ளே மடங்கி, தோலில் உரசாதபடி பருத்தி வைத்திருந்தாள். அம்மா கையில் வாங்கினாள். கருநீலத் தொப்பியும் மாஸ்டரின் வெட்டுதான் என்று அப்போது தெரிந்தது. அதைப் பள்ளிக்கூடத்துத் தோழி கொடுத்ததாகத்தான் மகள் சொல்லியிருந்தாள்.

"அதுவும் நீங்களா?"

"பட்டறைச் சாமான்னா நீ தூக்கிப் போட்டுடுவே. அதான் சொல்லாதேன்னேன். படிக்கட்டுலேருந்து மேலே எறிஞ்சேன், ஒத்தைக் கைல பிடிச்சா கழுதை." மாஸ்டர் தொப்பியைத் திரும்ப வாங்கினாள். அவளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. "கொக்கி வச்சா அவ இடது கை மாட்டாது. நாடா வச்சா முடிச்சுப் போட முடியாது. யாராவது மாட்டிவிடணும்னா அவளுக்கு ரோஷம் வந்துடும். யோசிச்சு யோசிச்சு... இங்க பாரு. கொண்டு போனாப் போதும்."

மடலை இரண்டு விரலால் தூக்கிக் காதோரம் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

அம்மா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசுல ரெண்டுதான் வச்சேன். ஓடினா விலகுதுன்னு சொன்னா. இதுல நாலு. மழையே அடிச்சாலும் நகராது."

"பழசு எப்பக் குடுத்தீங்க?"

"மாசம் ஆகப்போகுது. ஏன்?"

அம்மா பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினாள். தலைவலி தொடங்கிய நாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் கையெழுத்திலேயே இருந்தது. புதுத் தொப்பி. கண்ணாடியை விட்டு நகரவில்லை. கடைசிக் கட்டத்தில்: நாள் முழுக்கச் சிரித்தாள்.

"என்னடி ஆச்சு? மூஞ்சி ஏன் இப்படி ஆயிடுச்சு?"

அம்மா வாசலுக்கு வந்து கணவனுக்கு ஃபோன் செய்தாள். அவருக்குக் கேட்பதற்காகக் கத்த வேண்டியிருந்தது. அவள் தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்று என்றாள். கழற்றிக் கட்டிலில் வைக்காதே, தலையணைக்கு அடியில் வைக்காதே, வராந்தா கடைசியில் இருக்கிற அலமாரியில் வைத்துப் பூட்டு என்றாள். ஏன் என்று கேட்டார். நான் வந்து சொல்கிறேன் என்றாள். அவ தரமாட்டா என்றார். பிடுங்கு என்றாள்.

திரும்பியபோது மாஸ்டர் கையில் ஒட்டியிருந்த பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். நானும் வர்றேன் என்றாள். நாலு ஆபரேஷனுக்கும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராதவள். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். "வேலை?" என்று பசை தடவுகிற பெண் கேட்டாள். "நீ மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் மாஸ்டர். பக்கத்தில் அம்மா. பழுப்புத் தொப்பி அம்மாவின் மடியில். அவள் வீட்டுச் சாவியை எடுத்து மடலுக்குக் கிட்டே கொண்டுபோனாள். விரலைவிட்டுத் தாவி ஒட்டிக்கொண்டது. பிடுங்கினாள். மறுபடி கொண்டுபோனாள். மாஸ்டர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் தொப்பியைக் காட்டினால் போதும். அவர் புரிந்துகொள்வார். ஆபரேஷன் நின்றுவிடும். தொப்பி தைத்தது மாஸ்டர். காந்தம் வைத்தது மாஸ்டர். ஒளித்துக் கொடுத்தது மாஸ்டர். அவ்வளவும் உண்மை. அதற்கு மேல் ஒரு வார்த்தை யாரும் கேட்கமாட்டார்கள். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் வாசலில் நின்று சொன்னதற்கும் சேர்த்துக் கணக்கு தீர்ந்துவிடும். இதை அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று பின்னால் அவளே தன்னிடம் சொல்லிக்கொள்ள முடியாதபடி, முழுதாக, இரண்டு நிறுத்தம் வரைக்கும் நினைத்தாள்.

"அன்னைக்கு நான் சொன்னதை நீ மறக்கலை," என்றாள் மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி.

"மறக்கலை."

"மேசை மேல போட்டுட்டுப் போயிட்டே. ஒரு மணி நேரம். அழுதுச்சு. எனக்குத் தூக்கத் தெரியலை. தலையைத் தொட பயம். துணியோட சேர்த்து அப்படியே தூக்கிக்கிட்டேன்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் துணி இன்னும் வச்சிருக்கேன்," என்றாள். "நீலம். அதுலதான் முதல் தொப்பி."

மழை பெய்யத் தொடங்கியது. ஜன்னல் தகட்டை இறக்க மாஸ்டருக்கு வரவில்லை. அம்மா எட்டி இழுத்து இறக்கினாள்.

ஐந்தேமுக்காலுக்கு வார்டுக்குள் நுழைந்தபோது பட்டாசு துண்டைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அப்பா கையில் நகக்கீறல்.

"தொப்பித் திருடனைக் கல்யாணம் பண்ணியிருக்கீங்க," என்றாள் அம்மாவிடம். மாஸ்டரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டு, வலியில் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சாய்ந்தாள். "அத்தை, நீங்களா? மழை பெய்யுதேன்னு பார்த்தேன்."

மாஸ்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் முனையில் உட்கார்ந்தாள். தலைப் பக்கம் போகவில்லை.

டாக்டர் படிவத்தோடு வந்தார். சிஸ்டரும் வந்தாள். அம்மா படிவத்தை வாங்கவில்லை. சிஸ்டரின் தட்டிலிருந்த காகிதக் கிளிப்புகளைக் கட்டிலுக்கு எட்டத்தில் இருந்த மேசையில் கொட்டச் சொன்னாள். அலமாரியிலிருந்து கருநீலத் தொப்பியை எடுத்துவந்து அவற்றின் மேல் போட்டுத் தூக்கினாள். மடலின் உள்பக்கம் கொத்தாகக் கிளிப்புகள் தொங்கின.

டாக்டர் தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் அமுக்கினார். மடல் விழுகிற இடத்தைத் தன் தலையில் வைத்து அளந்தார். சரியாக வால்வின் மேல்.

"இதை எப்பலேருந்து போடறா?"

அம்மா நாளைச் சொன்னாள். வார்டிலும் போட்டாள் என்றாள். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நாளைக்கு ஆபரேஷன் இல்லை என்றார். இப்போதே அஞ்சுக்குத் திருப்பி வைத்துவிட்டுக் காலை மாலை பார்ப்போம், நகராமல் நின்றால் வால்வில் கோளாறில்லை, அந்த நீர்ப்படலமும் தானாக வற்றலாம், வற்றாவிட்டால் அப்போது பார்ப்போம். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். பிறகு, "இதை யார் தைச்சது?" என்றார்.

"நான்," என்றாள் மாஸ்டர். கட்டில் முனையிலிருந்து எழுந்திருந்தாள். யாரும் விளக்கவில்லை, ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. காந்தத்தைக் கட்டைவிரலால் பிரித்து வாழ்கிறவளுக்கு அது எதை இழுக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. "நான்தான் வச்சேன். ரெண்டு. இருபத்தஞ்சு நாளா நானா பண்ணிட்டிருந்தேன்?"

அப்பா அக்காவைப் பார்த்துக் குரலை உயர்த்தி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உனக்கு எதுக்கு இந்த வேலை என்றார். கேட்டுச் செய்திருக்கக் கூடாதா என்றார். அவருக்கே தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள்.

"அத்தையைத் திட்டாதீங்க," என்றாள் பட்டாசு. "தொப்பி நல்லா இருந்துச்சு. நானே மாட்டினேன். யாரும் மாட்டிவிடலை."

"எனக்குத் தெரியாதேடா," என்றாள் மாஸ்டர் தம்பியிடம். "தூசி ஆகாதுன்னாங்க. பசை ஆகாதுன்னாங்க. காந்தம் ஆகாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். "அஞ்சு மாசம் முன்னாடி டிஸ்சார்ஜ் பண்ணினது இதே வார்டுதானே? இந்த வால்வு வச்சா முதல்ல சொல்ல வேண்டியதே அதுதான். கார்டு குடுக்கலையா? யார் டியூட்டி?"

"நான்தான் சார்," என்றாள் சிஸ்டர். "எல்லாருக்கும் சொல்றதுதான். சொல்லியிருப்பேன்." அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. "சொல்லியிருப்பேன்னுதான் நினைக்கிறேன் சார்."

"நினைக்கிறதெல்லாம் பத்தாது," என்றார் டாக்டர். "ஒரு குழந்தை தலையைத் திறக்க இருந்தோம்."

மாஸ்டர் நின்றுகொண்டேயிருந்தாள். உள்ளங்கை இரண்டும் விரிந்து மேல்நோக்கி இருந்தன, எதையோ திருப்பிக் கொடுக்க வந்தவள்போல.

அம்மா அவள் தோளைப் பிடித்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். பிறகு எல்லோரையும் பார்க்கிற மாதிரி திரும்பி நின்றாள். தலையைக் குனியவில்லை.

"ஒண்ணு முதல்ல சொல்லிடறேன்," என்றாள். "எம்பொண்ணு எந்த ஹோமுக்கும் போகமாட்டா, எங்கம்மா வீட்டுக்கும் போகமாட்டா. அந்த வீடு அவளுது. அந்த மேசைக்கு அடியில இருக்கிற இடமும் அவளுது. காந்தம் வெளியே போகட்டும். பட்டன் வேற வச்சுத் தைப்போம், கொக்கி வச்சுத் தைப்போம், இல்லை வாயைத் திறந்தபடியே பையை விப்போம். இவ போகமாட்டா. இதுக்கு யாரும் எதிர்ப்பேச்சுப் பேச வேண்டாம்."

பட்டாசு துண்டைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா ஒன்பதாவது நோட்டைத் திறந்தாள். பின்னட்டையின் காகிதம் ஓரத்தில் பசை வைத்து ஒட்டியிருந்தது. நகத்தால் அதைக் கிழித்தாள். உள்ளேயிருந்து உள்ளங்கை அளவு அட்டை ஒன்றை உருவி, மேசையில், தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள். சிஸ்டரின் கையெழுத்து அதில் இருந்தது.

"அக்கா மேல தப்பில்லை. இவங்க மேலயும் இல்லை," என்றாள். "எந்தக் காந்தமா இருந்தாலும் தலைக்கு ஒரு சாண் தள்ளியே இருக்கணும்னு அஞ்சு மாசம் முன்னாடி இவங்க எனக்கு ரெண்டு தடவை சொன்னாங்க. சொன்னா பட்டறையா இவளான்னு பேச்சு வந்துடும்னு நான்தான் வீட்டில யார்கிட்டயும் சொல்லலை."